கேம் நன்றாகத்தான் இருக்கிறது, கடைதான் சரியில்லை

கேள்வி: வீடியோ கேம்கள் முன்பு போல இல்லை, வெறும் பணம் பறிக்கும் தொழிலாகிவிட்டது என்று பழைய கேமர்கள் புலம்புகிறார்களே, உண்மையா? உங்கள் கருத்து என்ன?

பாதி உண்மை. கேம்கள் கெட்டுப்போகவில்லை, விற்கிற விதம்தான் கெட்டுப்போயிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி "எங்க காலத்துல எல்லாம்..." என்று இழுப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. இத்தனைக்கும் நானும் அந்தக் காலத்து ஆள்தான்.

அந்தக் காலம் என்ன லட்சணத்தில் இருந்தது என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரோட் ராஷ், வைஸ் சிட்டி, கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பிரவுசிங் சென்டர், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய டிவிடி, அதற்குள் கேமைக் காசு கட்டாமல் ஓடவைக்கும் ஒரு கிராக் ஃபோல்டர். எங்கள் தெருவில் ஒரிஜினல் கேமைக் கண்ணால் பார்த்தவர்களே கிடையாது. ஒரு பைசா கொடுக்காமல் விளையாடிவிட்டு "அப்போதெல்லாம் கம்பெனிகள் பணம் பறிக்கவில்லை" என்று சொல்வது நல்ல வேடிக்கை!

கேம்களும் அப்படியொன்றும் தங்கமாக இல்லை. வைஸ் சிட்டியில் அந்தக் குட்டி ஹெலிகாப்டர் மிஷன் ஞாபகம் இருக்கிறதா? வேனுக்குள் உட்கார்ந்து ரிமோட்டில் பறக்கவிட்டு, கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் மாடி மாடியாக நாலு குண்டு வைக்க வேண்டும். நேரம் வேறு ஓடிக்கொண்டிருக்கும். கீபோர்டில் அதை ஓட்டுவதே ஒரு தண்டனை, சுவரில் முட்டி முட்டியே பாதிப் பேர் மிஷனைக் கைவிட்டார்கள். தமிழ்நாட்டில் வைஸ் சிட்டி விளையாடியவர்களில் பெரும்பகுதி அந்தக் கட்டடத்தைத் தாண்டாமல், குறுக்குவழிக்கான சீட் கோடை (cheat code) அடித்துப் பீரங்கி வண்டியில் ஊர் சுற்றியதோடு சரி என்பது என் சந்தேகம். இன்றைக்கு ஒரு கேம் அப்படி வந்தால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் விமர்சனம் எழுதியே கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

இப்போது வருபவற்றைப் பாருங்கள். 2023-ல் பால்டர்ஸ் கேட் 3. பெல்ஜியத்து லாரியன் ஸ்டுடியோ அதைக் கிட்டத்தட்ட மூன்று வருடம் அரைகுறையாக இருக்கும்போதே ஆட்டக்காரர்களிடம் கொடுத்து, திட்டு வாங்கி, திருத்தி, அதன்பிறகுதான் முழுதாக வெளியிட்டார்கள். 2025-ல் பிரான்சின் மோன்பெலியே நகரத்து சின்ன ஸ்டுடியோ ஒன்று கிளேர் ஆப்ஸ்கூர் என்று ஒன்றை இறக்கி, அந்த வருடத்துப் பெரிய விருதையெல்லாம் வாரிக்கொண்டு போனது. ஹாலோ நைட் சில்க்சாங் வெறும் 20 டாலர். வெளியான அன்று கூட்டம் தாங்காமல் ஸ்டீம் கடையே திணறியது. ஸ்டார்டியூ வேலியை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்தார். இசை, படம், கோடு எல்லாம் அவரே. 2016-ல் வந்த அந்தக் கேமுக்கு 2024-லும் பெரிய அப்டேட் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்.

தமிழர்களிடம் நான் தவறாமல் சொல்லும் கேம் வெண்பா. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. 1988-ல் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் இருக்கும். விட்டுப்போனதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் பதார்த்தமே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேல் தட்டு வரை போகும் என்பதுதான் புதிர். நான் அதில் முழித்துக்கொண்டிருந்தபோது, கேம் என்றாலே தண்டம் என்று சொல்லும் என் அம்மா பின்னால் நின்று, "தட்ட திருப்பி வைடா, ஒண்ணு மேல ஒண்ணு வச்சா எப்படி வேகும்?" என்றார். மொத்தமே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. இதெல்லாம் 2003-ல் கனவிலும் நடக்காது.

ஆக, கேம் விஷயத்தில் நமக்கு இது நல்ல காலம். வயிறு எரிவது மற்ற விஷயங்களில்.

2006-ல் ஆப்ளிவியன் கேமில் குதிரைக்குக் கவசம் என்று ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றார்கள். உலகமே சிரித்தது. சிரித்துக்கொண்டே வாங்கவும் செய்தார்கள், அதுதான் பிரச்சினை. அங்கிருந்து நேராக லூட் பாக்ஸுக்கு, அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிக்கு, வந்து சேர்ந்தோம். 2017-ல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2-ல் பிரபல வில்லன் டார்த் வேடராக ஆட வேண்டுமென்றால் நாள்கணக்கில் உழைக்க வேண்டும், இல்லையென்றால் காசை இறக்க வேண்டும் என்ற நிலை. முழு விலை கொடுத்து வாங்கிய கேமில்! ஏன் என்று கேட்டவர்களுக்கு, உழைத்துத் திறந்தால் பெருமையும் சாதனை உணர்வும் கிடைக்கும் என்று அதை வெளியிட்ட இஏ கம்பெனி ரெட்டிட் என்ற இணைய மன்றத்தில் பதில் போட்டது. ஆறு லட்சத்துக்கும் மேல் எதிர் ஓட்டு விழுந்து, அந்தத் தளத்திலேயே அதிகம் வெறுக்கப்பட்ட பதில் என்று கின்னஸ் வரைக்கும் போனது. அடுத்த வருடம் பெல்ஜியம் இந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. நம் ஊரில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ரம்மியில் காசு போனால் செய்தியாகிறது, கேமில் துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்கக் காசு போனால் "பையன் விளையாடுறான்" என்று விட்டுவிடுகிறோம்.

என் அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஒரு மொபைல் ஷூட்டிங் கேமில் பெட்டி திறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெட்டி குலுங்குகிறது, விரிசலில் வெளிச்சம் கசிகிறது, வரிசையாகச் சாமான்கள் ஓடுகின்றன. தங்க நிறத் துப்பாக்கி மெதுவாக வந்து, நிற்பது போல் நின்று, ஒரு கட்டம் நகர்ந்துவிடுகிறது. கிடைத்தது அவனிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு பாராசூட். "மாமா, பக்கத்துலயே வந்துச்சு பாத்தீங்களா! இன்னொரு தடவ போட்டா வந்துடும்." பக்கத்திலெல்லாம் வரவில்லை. என்ன விழும் என்பது பொத்தானை அழுத்தியபோதே முடிவாகிவிட்டது, மீதியெல்லாம் காட்சி. மூலையில் ஒரு சின்னப் பொத்தானைத் தட்டினால் எது எத்தனை சதவீதம் என்ற பட்டியல் இருக்கிறது. அந்தத் துப்பாக்கிக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. அதைக் காட்டினேன். "பரவால்ல மாமா, என் ஃப்ரெண்டுக்கு வந்துச்சு" என்றான். அக்காவின் ஜிபே பின் நம்பரை மாற்றச் சொன்னதுதான் என்னால் முடிந்தது.

இதைவிட எனக்கு ஆத்திரம் வருவது வேறொன்றில். காசு கொடுத்து வாங்கிய கேம் நம்முடையது இல்லை என்பதில்.

யூபிசாஃப்ட் கம்பெனியின் தி க்ரூ என்ற கேம் 2014 டிசம்பரில் வந்தது. அமெரிக்காவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கார் ஓட்டலாம். தனியாக ஓட்டினாலும் இணையத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று வடிவமைத்திருந்தார்கள். 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தினார்கள். அன்றோடு கேம் செத்தது. அலமாரியில் டிவிடி வைத்திருந்தவனுக்கும் அதே கதிதான். வாடகைக்கு இருப்பவனைக் காலி செய்யச் சொல்வதற்குக்கூட ஒரு மாத நோட்டீஸும் அட்வான்ஸும் உண்டு. இங்கே பல வருடம் முன்பே முழு விலை கொடுத்தவனுக்கு அட்வான்ஸ் திரும்பக் கிடையாது.

இதில்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" என்று கிளம்பினார். ஐரோப்பிய யூனியனில் போட்ட மனுவுக்கு 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்தைத் தாண்டிக் கையெழுத்து சேர்ந்தது. சர்வரை ஆயுசுக்கும் ஓட்டு என்று அவர்கள் கேட்கவில்லை. கடையை மூடும்போது, கேமைத் தானாக ஓடும் நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள், அவ்வளவுதான். செலவாகும், கஷ்டம் என்று கம்பெனிகள் சொல்கின்றன. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஆடும் கேமுக்கு அது நியாயமான பதில்தான். தனியாகக் கார் ஓட்டும் கேமுக்கு? கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம் வந்திருக்கிறது: விற்பது கேமை அல்ல, அதை ஆடும் உரிமத்தை மட்டும்தான் என்றால் அதை வாங்குகிறவனிடம் சொல்லிவிட வேண்டும். அதையொட்டி ஸ்டீமும் பணம் கட்டும் இடத்தில் ஒரு வரி சேர்த்தது. நேர்மைதான். ஆனால் படித்துவிட்டு நாம் என்ன செய்ய முடியும்?

கேமை அரைவேக்காடாக வெளியிடும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். சைபர்பங்க் 2077 வந்த ஒரே வாரத்தில் சோனி தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது. இன்று அது பிரமாதமான கேம். 2020-ல் முழுக் காசு கொடுத்தவர்கள் சோதனை எலிகள்.

கேம் செய்பவர்கள் நிலைமையும் ஒன்றும் சொல்வதற்கில்லை. மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் கம்பெனியை வாங்கி முடித்தது 2023 அக்டோபரில். அடுத்த ஜனவரியில் 1,900 பேர் வீட்டுக்கு. மே மாதம், எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடிய ஹை-ஃபை ரஷ் கேமைச் செய்த டாங்கோ ஸ்டுடியோவுக்கே பூட்டு. பிறகு பப்ஜி செய்த கிராஃப்டன் வந்து அதைக் காப்பாற்றியது. தோற்றால் வேலை போகும் என்பது புரிகிறது. சோனியின் கான்கார்ட் கேம் இரண்டே வாரத்தில் கடையைக் கட்டியது, காசையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஜெயித்தாலும் வேலை போகும் என்றால் யார் உயிரைக் கொடுத்து உழைப்பார்கள்?

கத்தினால் ஒன்றும் நடக்காது என்று நினைக்காதீர்கள். 2025-ல் மைக்ரோசாஃப்ட் அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2-க்கு 80 டாலர் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 70-க்கு இறங்கியது. பேட்டில்ஃபிரண்ட் 2-லும் வெளியாவதற்கு முந்தைய நாள் காசு வாங்குவதை நிறுத்தி வைத்தார்கள். வாங்காமல் இருப்பவனுக்கு மட்டும்தான் பயப்படுகிறார்கள்.

நான் முன்பதிவு செய்வதே இல்லை. ஒரு பெரிய கேம் வந்தால் ஆறு மாதமாவது விடுகிறேன். அதற்குள் கோளாறுகளைச் சரிசெய்யும் பேட்ச் வந்துவிடும், தீபாவளி சேலும் வந்துவிடும். புது பிளேஸ்டேஷன் 5 கேம் ஒன்று வாங்கும் காசுக்கு சேலில் நாலைந்து நல்ல சின்ன கேம் வாங்கலாம். லேப்டாப் பழசு என்பவர்கள் ஸ்டார்டியூ வேலியோ பலாட்ரோவோ போடுங்கள், தனி கிராஃபிக்ஸ் கார்டெல்லாம் வேண்டாம். பலாட்ரோ சீட்டுக்கட்டு கேம்தான், பயப்படாதீர்கள், காசு வைத்து ஆடுவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

வைஸ் சிட்டி வந்த அதே வரிசையின் ஜிடிஏ 6-க்காக இப்போதே கன்சோல் (பிளேஸ்டேஷன் மாதிரி டிவியில் மாட்டி ஆடும் பெட்டி) வாங்கலாமா என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பீர்கள். 2025 என்றார்கள், பிறகு 2026 மே என்றார்கள், அதன்பிறகு நவம்பர் என்றார்கள். கேம் கையில் வந்து, நாலு பேர் ஆடி, கன்சோல் சூடாகிறதா, படம் திக்கித் திக்கி ஓடுகிறதா என்று சொன்னபிறகு வாங்குங்கள். கன்சோல் எங்கேயும் ஓடிப்போகாது.