கடைசிகாலம் பற்றிக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் நம்புவது ஒன்றேதானா?

கேள்வியின் விவரம்: "இஸ்ரேல் போர்ச் செய்தி வந்தால் போதும், என் அலுவலக நண்பர் 'எல்லாம் வேதாகமத்தில் எழுதியிருக்கிறது, இது கடைசிகாலம்' என்கிறார். இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம், கிறிஸ்துவுக்கு எதிரியான அந்திக்கிறிஸ்து என்று அவர் சபையில் வரிசையாகச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். கத்தோலிக்கத் தோழி ஒருத்தியோ இப்படி எதையும் கோயிலில் கேட்டதே இல்லை என்கிறாள். இருவரும் ஒரே மதந்தானா?"

ஒரே மதந்தான். சொல்லப்போனால் ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டும் இருக்கும். எங்கள் வீட்டில் இருந்தது.

அப்பா சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஞாயிறு காலை ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க இயேசு வருவார் என்று எழுந்து நின்று சொல்லுவோம். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். எப்போது வருவார், எதற்குப் பிறகு எது நடக்கும் என்று சபைப் போதகரான ஐயரும் பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம். பெரியப்பா மட்டும் இளவயதிலேயே சகோதரர் சபைக்கு, அதாவது பிரதரன் சபைக்கு, போய்விட்டவர். ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டு முன்னறையில் வேதபாடம் நடக்கும். சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு துணிப்படம் தொங்கும். இடது ஓரத்தில் ஏதேன் தோட்டம், வலது ஓரத்தில் புதிய எருசலேம், நடுவில் வட்டம் வட்டமாக யுகங்கள். டவுனில் போர்டு எழுதுகிறவரைக் கொண்டு எழுதியது. எங்கள் ஊர் ரேஷன் கடைப் பலகையை எழுதியவரும் அவரே என்பதால், 'மகா உபத்திரவம்' என்ற எழுத்தும் 'சர்க்கரை இருப்பு இல்லை' என்ற எழுத்தும் ஒரே சாயலில் இருக்கும். பெரியப்பா ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு தொட்டுத் தொட்டு விளக்குவார். சிறுபிள்ளையான எனக்கு அந்தப் படமே வேதாகமம் என்றுதான் தோன்றியது. படத்தில் இருப்பதில் எவ்வளவு வசனம், எவ்வளவு விளக்கம் என்று பிரித்துப் பார்க்கப் பல வருடங்கள் ஆயின.

பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது இதுதான்: அவ்வளவு பெரிய படமும் முக்கியமாக இரண்டு ஆணிகளில் தொங்குகிறது. ஒன்று வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 20ஆம் அதிகாரம், மற்றது பழைய ஏற்பாட்டிலுள்ள தானியேல் புத்தகத்தின் 9ஆம் அதிகாரம். இந்த இரண்டு இடத்திலும் ஒரு போதகர் என்ன சொல்கிறார் என்று கேட்டால், மற்றதையெல்லாம் அவர் எப்படிச் சொல்வார் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

முதல் ஆணி. வெளிப்படுத்தின விசேஷம் 20இல் சாத்தான் கட்டப்படுகிறான். பரிசுத்தவான்கள் கிறிஸ்துவோடு ஆயிரம் வருடம் அரசாளுகிறார்கள். இந்த ஆயிரம் என்பது என்ன? கிறிஸ்து முதலில் வந்து, அதன்பிறகு இந்தப் பூமியிலேயே ஆயிரம் வருடம் ஆள்வார் என்பது ஒரு கருத்து. உங்கள் நண்பர் இந்தப் பக்கம். இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர்களான ஜஸ்டினும் இரேனியுவும் ஏறக்குறைய இப்படித்தான் எண்ணினார்கள். ஆனால் ஜஸ்டினே, உண்மையான கிறிஸ்தவர்கள் பலர் இதை ஏற்பதில்லை என்றும் எழுதி வைத்திருக்கிறார். கருத்து வேறுபாட்டுக்கு அத்தனை வயது.

ஐந்தாம் நூற்றாண்டில், ஆயரும் இறையியலாளருமான அகஸ்தீன் வேறு வழியில் போனார். தானும் முன்பு பூமியில் வரப்போகும் அந்த ஆயிரம் வருடத்தை நம்பியதாக ஒப்புக்கொண்டுவிட்டு, அது இப்போது நடந்துகொண்டிருக்கும் திருச்சபையின் காலத்தைக் குறிக்கும் அடையாள எண் என்றார். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன், ஆங்கிலிக்கன் என்று பழைய சபைகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் நிற்கின்றன. மூன்றாவதாக, நற்செய்தி பரவி உலகம் மெல்ல மெல்லச் சீர்ப்பட்டு, அந்தப் பொற்காலத்தின் முடிவில் கிறிஸ்து வருவார் என்ற கருத்தும் உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அதற்கு நல்ல செல்வாக்கு. முதல் உலகப்போருக்குப் பிறகு உலகம் சீர்ப்படுகிறது என்று மேடையேறிச் சொல்ல ஆள் குறைந்துவிட்டது.

இரண்டாவது ஆணிதான் எனக்குச் சுவையானது. பெரியப்பாவின் படத்தில் சிவப்பு மையில் ஏழு வருட உபத்திரவம் இருக்கும். வெளிப்படுத்தின விசேஷத்தை முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள், 'ஏழு வருட உபத்திரவம்' என்று எங்கும் கிடைக்காது. நாற்பத்திரண்டு மாதம், ஆயிரத்து இருநூற்று அறுபது நாள் என்று மூன்றரை வருடக் கணக்குகள்தான் இருக்கும். அந்த ஏழு, தானியேலிலிருந்து வருகிறது. எருசலேமைத் திரும்பக் கட்டக் கட்டளை வெளிப்படுவதிலிருந்து எழுபது வாரங்கள் என்று அங்கே ஒரு கணக்கு. ஒரு நாளுக்கு ஒரு வருடம் என்று வைத்தால் 490 வருடம். அறுபத்தொன்பது வாரம், அதாவது 483 வருடம், மேசியாவோடு முடிகிறது. லண்டன் காவல்துறையில் உயரதிகாரியாக இருந்த ராபர்ட் ஆண்டர்சன் என்பவர் வருடத்துக்கு 360 நாள் என்று வைத்து இதை 1,73,880 நாளாகப் பெருக்கி, கி.மு. 445இலிருந்து எண்ணி, இயேசு எருசலேமுக்குள் பவனி வந்த நாளில் கொண்டுபோய் நிறுத்தினார். பெரியப்பா இந்தப் பெருக்கலைப் பலகையில் போட்டுக் காட்டும்போது எங்களுக்குப் புல்லரிக்கும்.

மிச்சம் ஒரு வாரம் இருக்கிறதே? அதைத் தனியே எடுத்து எதிர்காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அறுபத்தொன்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில் இரண்டாயிரம் வருட இடைவெளி. கடிகாரம் நின்றுவிட்டது, இரகசிய வருகையில் சபை மேலே எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு இஸ்ரவேலுக்கான கடைசி ஏழு வருடம் ஓடும். இதுதான் அந்த உபத்திரவ காலம். இந்த அமைப்பை இப்படி முழுதாகக் கோத்தவர் ஜான் நெல்சன் டார்பி (1800–1882), பிரதரன் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர். 1909இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் இதை வசனத்துக்கு அடியிலேயே குறிப்பாக அச்சிட்டது. ஒரே பக்கத்தில் மேலே வசனம், கீழே விளக்கம். வாசிக்கிறவருக்கு நாளடைவில் கோடு மறைந்துபோகும், துணிப்படத்தில் எனக்கு மறைந்ததுபோல. இன்று பல பெந்தெகொஸ்தே சபைகளிலும் சகோதரர் சபைகளிலும் கேட்பது பெரும்பாலும் இந்த வரிசைதான்.

மற்றவர்கள் இதே அதிகாரத்தை எப்படிப் படிக்கிறார்கள்? எழுபது வாரமும் இடைவெளியில்லாமல் ஓடி இயேசுவின் காலத்தோடு நிறைவேறிவிட்டது என்பார்கள் பலர். தானியேல் புத்தகம், கி.மு. 167இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய அந்தியோகஸ் எபிபானஸ் மன்னனின் கொடுமையை மனத்தில் வைத்து அந்தக் காலத்து யூதர்களுக்காக எழுதப்பட்டது என்பது வேதாகம ஆய்வாளர்கள் பெரும்பான்மையோரின் முடிவு.

உங்கள் நண்பர் இஸ்ரேல் செய்திக்கு ஏன் அப்படி நிமிர்ந்து உட்காருகிறார் என்பதும் இதில் இருக்கிறது. டார்பியின் வழியில் இஸ்ரவேல் வேறு, சபை வேறு. இஸ்ரவேலுக்குக் கொடுத்த நில வாக்குத்தத்தம் இன்னும் எழுத்தின்படியே பாக்கி இருக்கிறது. ஆகவே 1948இல் இஸ்ரேல் நாடு பிறந்தது அவர்களுக்கு நின்ற கடிகாரம் துடித்ததுபோல. கிறிஸ்துவை விசுவாசிக்கிறவர்களே ஆபிரகாமின் சந்ததி என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியதைப் பிடித்துக்கொள்ளும் சபைகளுக்கு 1948 ஒரு அரசியல் நிகழ்ச்சி, அவ்வளவுதான்.

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். வெளிப்படுத்தின விசேஷம் முதலாவது ஒரு கடிதம். எபேசு, சிமிர்னா, பெர்கமு, லவோதிக்கேயா என்று ஊர்ப் பெயர் போட்டு, இன்றைய துருக்கியிலிருந்த ஏழு சபைகளுக்கு முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுதியது. அது 2,000 வருடம் கழித்து வரும் பார்கோடையோ ஆதார் அட்டையையோ தடுப்பூசியையோ சொல்கிறது என்றால், சிமிர்னாவில் அடிவாங்கிக்கொண்டிருந்தவனுக்கு அதை எதற்கு அனுப்ப வேண்டும்? 13ஆம் அதிகாரத்தில் மிருகத்தின் எண்ணான 666ஐக் கணக்குப் பார்க்கச் சொல்கிறார் ஆசிரியர். அவனால் பார்க்க முடியும் என்றுதானே சொல்லியிருப்பார்? எபிரெயத்தில் எழுத்தே எண். ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை 'நேரோன் கேசர்' என்று எழுதிக் கூட்டுங்கள்: நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50, கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. மொத்தம் 666. இலத்தீன் உச்சரிப்பின்படி கடைசி 'ன்' இல்லாமல் 'நேரோ' என்று எழுதினால் ஐம்பது குறைந்து 616. சில பழைய கையெழுத்துப் படிகளில் 616 என்றே இருக்கிறது! இதைத் தெரிந்துகொண்ட அன்று, பெரியப்பாவின் பலகைப் பெருக்கலுக்குப் புல்லரித்ததைவிட அதிகமாகப் புல்லரித்தது. இன்னொன்று: 'அந்திக்கிறிஸ்து' என்ற சொல் வெளிப்படுத்தின விசேஷத்தில் கிடையவே கிடையாது. யோவானின் நிருபங்களில் மட்டுந்தான் வருகிறது. அங்கேயும் "அநேக அந்திக்கிறிஸ்துகள்" என்று பன்மையிலும் வருகிறது.

இப்படிச் சொல்வதால் இது எல்லாம் பழங்கதை என்று ஆகிவிடாது. ரோமைச் சொன்னது எந்தக் காலத்து ரோமுக்கும் பொருந்தும் என்று படிப்பவர்களும் உண்டு, சபை வரலாறு முழுவதையும் வரிசையாக அதில் தேடியவர்களும் உண்டு. லுத்தர் போப்பையே அந்திக்கிறிஸ்து என்றார். உங்கள் தோழியிடம் இதைச் சொல்லவேண்டாம்.

அவள் கேட்டதே இல்லை என்பதும் சரியில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருப்பலியிலும் ஆண்டவர் வரும்வரை அவருடைய இறப்பை அறிவிப்பதாக அவள் வாயாலேயே சொல்லுகிறாள். திருவருகைக் காலம் என்று கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நான்கு வாரத்தின் முற்பகுதி இரண்டாம் வருகையை நோக்கியது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடைசியில் பெரிய சோதனை ஒன்று உண்டு என்கிறது. ஆயிரம் வருடப் பூலோக அரசாட்சியைத்தான் மறுக்கிறது. கால அட்டவணை இல்லாததால் அவளுக்கு அது கடைசிகாலப் போதனையாகப் படவில்லை.

அட்டவணை போட்டவர்கள் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பாப்திஸ்து விவசாயி, தானியேல் 8இல் வரும் 2,300 நாளை வருடமாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணி 1843 என்றார். பூஜ்ய வருடம் என்று ஒன்று கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. 1844 ஆயிற்று, அக்டோபர் 22 என்று நாளும் குறித்தார்கள். அன்று இரவு முழுவதும் விழித்திருந்து அழுதுகொண்டே விடியலைப் பார்த்தவர்கள் ஏராளம். அந்த ஏமாற்றத்தில் எஞ்சியவர்களிடமிருந்துதான் ஏழாம்நாள் அட்வெந்து சபை உருவாயிற்று.

நம் பக்கத்திலும் இப்படி வருடம் குறித்த ஒருவர் இருந்தார், அவரிடம் வருமுன் கொஞ்சம் முன்கதை. பிரதரன் முன்னோடிகளில் ஒருவரான ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸ் 1833இல் இந்தியா வந்தார். அவரோடு சேர்ந்து உழைத்தவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1860இல் அவருடைய ஊழியத்தில் எழுந்த எழுப்புதலின் அலை பின்னர் திருவிதாங்கூருக்கும் போயிற்று. அங்கே, பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யனாகப் பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்று ஆங்கிலிக்கன் குருவான யுஸ்துஸ் ஜோசப், 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். விதுவான்குட்டி என்று அழைக்கப்பட்ட பெரிய பாடலாசிரியர். 1881 வந்தது, போனது. யுயோமயம் என்று தனிச் சபையாகப் பிரிந்தார்கள். மணவாளன் ஏன் தாமதிக்கிறார் என்று அவர் எழுதிய பாட்டை மட்டும் மலையாளச் சபைகள் இன்றும் உருகிப் பாடுகின்றன. கணக்கு தப்பியது, ஏக்கம் தப்பவில்லை என்பதாலோ என்னவோ, அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வரும்.

அவரும் கணக்குப் போட்டவர்தான். அத்திமரம் துளிர்ப்பதைப் பார்க்கும் சந்ததி ஒழிந்துபோகாது என்று மத்தேயு 24இல் இருக்கிறது. அத்திமரம் இஸ்ரேல், ஒரு சந்ததி நாற்பது வருடம், 1948உடன் நாற்பதைக் கூட்டினால் 1988. இது அவர் சொந்தக் கணக்கில்லை. அமெரிக்காவிலிருந்து புத்தகங்கள் வழியாக உலகம் சுற்றியது. எட்கர் விஸ்னண்ட் என்பவர் அந்த வருடம் செப்டம்பர் என்று எண்பத்தெட்டுக் காரணங்களோடு அச்சடித்தே விற்றார். 1980களின் நடுவில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லாரும் தென்னங்கன்று வைத்தபோது பெரியப்பா வைக்கவில்லை. காய்க்க ஆறேழு வருடம் ஆகுமே, அதுவரை யார் இங்கே இருக்கப்போகிறார்கள் என்றார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. 1989 மழைக்குப் பிறகு பன்னிரண்டு குழி வெட்டிக் கன்று வைத்தார்கள். வேதபாடத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. படம் மட்டும் சுவரிலேயே இருந்தது.

அவருடைய வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. தானியேல் 9 பக்கத்தின் ஓரத்தில் பென்சில் கூட்டல் ஒன்றை ரப்பரால் அழித்த தடம் தெரியும். மெல்லிய தாள், அழுத்தி அழித்ததில் அந்த இடம் இன்னும் மெல்லிசாகி, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்க எழுத்து தெரிகிறது. மாற்கு 13:32க்கு அடியில், அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்ற இடத்தில், மையால் கோடு போட்டிருக்கிறார். அது எந்த வருடம் போட்டது என்று தெரியவில்லை.

உங்கள் நண்பருடன் பேசும்போது போர்ச் செய்தியிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எழுபதாவது வாரம் முடிந்துவிட்டதா, இன்னும் வரவேண்டியதா என்று கேளுங்கள். அசந்துபோவார். பிறகு வேதாகமத்தை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளும் கேட்பார். எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும், அலுவலகத்தில் வேண்டாம், விடுமுறை நாளாகப் பார்த்து வீட்டுக்குப் போய்விடுங்கள்.