வீட்டிலிருந்தே பிபிஏ: பணம் கட்டுவதற்கு முன்னால்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே போன் வர ஆரம்பித்துவிடும். "உங்க பையனுக்கு ஆன்லைன் பிபிஏ சீட் உறுதியாகிடுச்சு, இன்னிக்கே ஐயாயிரம் கட்டினா பாதி கட்டணம் தள்ளுபடி" என்று நல்ல தமிழில் பேசுவார்கள். ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில், மண்டபத்திலும் கீழக்கரையிலும் தேவிபட்டினத்திலும் பெற்றோர் உடனே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த வணிக நிர்வாகப் பட்டம் செல்லுமா?

செல்லும். 2020-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் ஆன்லைனில் தரும் பட்டமும் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டமும் சமம். 2022 செப்டம்பரில் யுஜிசி இதைத் தனி அறிவிப்பாகவும் சொன்னது. ஆனால் 'அனுமதி பெற்ற' என்ற சொல்லில்தான் பலர் வழுக்குகிறார்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் இணையதளத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருந்தால் மட்டும் போதாது. பிபிஏ என்ற படிப்பு, நீங்கள் சேரும் ஆண்டு, ஜனவரியா ஜூலையா என்ற பருவம், 'ஆன்லைன்' என்ற முறை, நான்கும் பொருந்த வேண்டும். போன ஆண்டு இருந்த படிப்பு இந்த ஆண்டு இல்லாமல் போகலாம். எம்.காம் நடத்த அனுமதி பெற்ற இடத்தில் பிபிஏவுக்கு அனுமதி இல்லாமலும் இருக்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம். ஆன்லைன் படிப்பைக் கிளை எடுத்து நடத்தும் உரிமையை எந்தப் பல்கலைக்கழகமும் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. ஆகவே ஊரில் போர்டு மாட்டியிருக்கும் சென்டரின் பெயருக்கோ ஏஜென்டின் ஜிபேக்கோ ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் கட்டி ரசீது எடுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் இணையவழிக் கல்வி விற்கும் இந்திய எட்டெக் கம்பெனியும் சேர்ந்து தருவதாகச் சொல்லும் பட்டங்களை அங்கீகரிக்கவில்லை என்று 2023 டிசம்பரில் யுஜிசி எச்சரித்துவிட்டது. 'ஒரே வருஷத்தில் டிகிரி' என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடலாம்.

அடுத்து, வீட்டில் யாரும் போட்டுப் பார்க்காத கணக்கு. மகள் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவளா? கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பையனுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன். மூன்றாண்டுக்கு 36,000 வரை கையில் சேரும். தொலைநிலைக் கல்வியிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் படிப்பவர்களுக்கு இது கிடையாது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆன்லைன் பிபிஏ கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். அரசுக் கல்லூரிக் கட்டணம் அதன் பக்கத்தில்கூட வராது. ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பெயரில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பஸ் வசதி இருந்து, வேலைக்குப் போயே தீர வேண்டிய நெருக்கடி இல்லாத பிள்ளையாக இருந்தால், எங்கள் பரிந்துரை கல்லூரிதான், பி.காம் கிடைத்தால் அதையே எடுக்கலாம். வீட்டை விட்டு நகர முடியாதவர்கள், ஏற்கெனவே சம்பாதிப்பவர்கள், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருக்கிற பெண்கள் ஆகியோருக்கு ஆன்லைன் உண்மையிலேயே ஒரு வழி.

ஆன்லைன் வேறு, தொலைநிலை வேறு. ஏஜென்டுகள் வேண்டுமென்றே இரண்டையும் குழப்புவார்கள். தொலைநிலையில் அச்சிட்ட பாடப்புத்தகம் வரும், கற்றல் மையம் இருக்கும், தேர்வு மையத்தில் போய் எழுத வேண்டும். ஆன்லைனில் வீடியோ, பாடக்குறிப்பு, விவாதப் பகுதி, சுயமதிப்பீடு என்று எல்லாமே திரையில். சிக்னல் ஒரு கோடு வந்து ஒரு கோடு போகிற குப்பத்தில் இருப்பவருக்குப் புத்தகம்தான் பாதுகாப்பு. அப்படிப்பட்டவர்கள் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவையும் முதலில் பாருங்கள். தமிழ் வழியில் படிக்க நினைப்பவர்களும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் ஆன்லைன் பிபிஏ பெரும்பாலும் ஆங்கில வழி. டிஎன்பிஎஸ்சியில் தமிழ் வழிப் படிப்புக்கு உள்ள 20 சதவீத ஒதுக்கீட்டை மனதில் வைத்திருக்கும் பிள்ளை, ஆங்கில வழிப் பட்டம் வாங்கினால் பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பதவிகளில் அதை இழக்கும்.

சேர்வதென்று முடிவானால் முதல் வேலை அடையாள எண்கள். டிஜிலாக்கர் வழியாக ஆதாரை வைத்து ஏபிசி ஐடி (மாணவரின் கல்விக் கணக்கு எண்) எடுக்க வேண்டும், 12 இலக்கம். அதைக் கொடுத்து யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் டெப் ஐடி எடுக்க வேண்டும். 2024-25 முதல் இது இல்லாமல் சேர்க்கை செல்லாது. இரண்டும் இலவசம், 'ஐடி எடுத்துத் தர 1,500' என்று கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். இந்த எண்களைப் பிள்ளையே உட்கார்ந்து எடுக்கட்டும், கடவுச்சொல் பிள்ளையிடமே இருக்கட்டும்.

இந்தக் கரையோரத்தில் இது சிக்குகிற இடம் இரண்டு. ஒன்று பெயர். மதிப்பெண் சான்றிதழில் 'மு. செல்வம்', ஆதாரில் 'செல்வம் முனியசாமி' என்று இருக்கும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஒரே பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஏபிசி ஐடி ஆதார் பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும், பட்டமோ மதிப்பெண் சான்றிதழ் பெயரில் வர வேண்டும். எழுத்து ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் நிற்கும், அல்லது மூன்றாண்டு கழித்துப் பட்டம் வாங்கும்போது நிற்கும். ஏப்ரல் மாதமே ஆதார் மையத்துக்குப் போய்ப் பத்தாம் வகுப்புச் சான்றிதழின்படி திருத்திவிடுங்கள். இரண்டாவது, ஓடிபி. பிள்ளையின் ஆதாரில் அப்பாவின் செல் நம்பர் இருக்கும். அப்பா போனோடு விசைப்படகில் கடலுக்குள் இருப்பார். கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு ஓடிபி கடலில் தேடிக்கொண்டிருக்கும். ஆதார் மையத்துக்குப் போகிற அதே நாளில் ஆதாரில் உள்ள நம்பரையும் பிள்ளையின் சொந்த நம்பராக மாற்றிவிடுவது நல்லது.

இனி படிப்பு. 'வாரக் கடைசியில் ரெண்டு மணி நேரம் கிளாஸ், மற்றபடி ஃப்ரீ' என்று சொல்வார்கள். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் ஒரு செமஸ்டருக்கு 20, அதாவது 600 மணி நேரம். இருபது வாரத்தில் முடிக்க வாரம் 30 மணி நேரம், ஞாயிறு விட்டால் தினம் ஐந்து மணி நேரம். வீடியோ பார்ப்பது அதில் சிறு பங்குதான். மீதி வாசிப்பு, கணக்குப் போடுவது, அசைன்மென்ட். அந்த ஐந்து மணி நேரம் எங்கிருந்து வரும் என்று வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் படகுக்குப் போய் மறுநாள் காலையில் கரையேறுகிற பையனுக்கு அந்த மூன்று நாளும் அடுத்த பகல்களும் போய்விடும். வீட்டில் இருக்கிற பெண் பிள்ளை என்றால், 'சும்மாதானே இருக்கா' என்று கருவாடு காயப்போடவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் கூப்பிடுவார்கள். காலை 5 முதல் 7, இரவு 8 முதல் 11 என்று நேரம் குறித்து, அந்த நேரத்தில் கூப்பிடுவதில்லை என்று பெரியவர்கள் ஒத்துக்கொண்டால்தான் இது ஓடும்.

இந்த உழைப்பு தாங்குமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் 12 வாரக் கணக்கியல் அல்லது மேலாண்மைப் பாடம் ஒன்றில் இலவசமாகச் சேரலாம். அதில் ஐஐடிகளின் திட்டமான என்பிடெல் நடத்தும் பாடத்தில் வாராவாரம் அசைன்மென்ட் உண்டு. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1,000 ரூபாய் கட்டித் தேர்வு மையத்தில் போய் எழுத வேண்டும். நான்காவது வாரத்திலேயே அசைன்மென்டை விட்டுவிடுகிற பிள்ளைக்கு லட்ச ரூபாய் கட்டுவதில் அர்த்தம் இல்லை.

பாடங்களில் மார்க்கெட்டிங், மனிதவளம், நிர்வாகக் கோட்பாடு எல்லாம் வாசித்தே தேறலாம். அடி விழுவது கணக்கியலிலும் புள்ளியியலிலும். பிளஸ் டூவில் அறிவியல் எடுத்த பிள்ளைகள் முதல் செமஸ்டரில் அங்கேதான் நிற்கிறார்கள். காரணம், வீடியோவில் ஆசிரியர் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தாளில் கை வராது. உள்ளூர்க் கணக்கு ஒன்றைப் பாருங்கள். படகு உரிமையாளர் மீன் வியாபாரியிடம் 3,00,000 முன்பணம் வாங்குகிறார், பிடித்த மீனை அவருக்கே போடுவதாகப் பேச்சு. பெரும்பாலான மாணவர்கள் இதை வருமானம் என்று எழுதுவார்கள். இது கடன். ரொக்கக் கணக்கில் பற்று (இடப்பக்கம்) 3,00,000, வியாபாரி முன்பணக் கணக்கில் வரவு (வலப்பக்கம்) 3,00,000. பிறகு 80,000 ரூபாய் மீன் விற்கிறது. வியாபாரி முன்பணத்தில் 10,000, கமிஷன் 5,000 பிடித்துக்கொண்டு 65,000 கொடுக்கிறார். விற்பனை 65,000 என்று எழுதினால் தவறு. ரொக்கம் பற்று 65,000, முன்பணம் பற்று 10,000, கமிஷன் பற்று 5,000, விற்பனை வரவு 80,000. டீசல், ஐஸ், வலைக் கிழிசல் தைத்த கூலி எல்லாம் வருவாயினச் செலவு. புது இன்ஜின் வைத்தால் அது முதலினச் செலவு, ஆண்டுதோறும் தேய்மானம் போட வேண்டும். இப்படி வீட்டில் நடக்கிற பத்துப் பரிமாற்றத்தைக் குறிப்பேட்டில் எழுதி, பேரேட்டுக்கு மாற்றி, இருப்பாய்வு (பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் பட்டியல்) சமமாக வருகிறதா என்று தாளில் பார்த்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர் பயம் போய்விடும். வகுப்பு தொடங்குமுன் நம் மாநிலப் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாக இறக்கி, பக்கத்துப் பக்கம் வைத்து இரண்டு மாதம் போடச் சொல்லுங்கள். இதற்கு மேல் பிரிட்ஜ் கோர்ஸ் எதுவும் வாங்கத் தேவையில்லை.

கருவி விஷயம் சுருக்கமாக. வகுப்பை போனில் பார்க்கலாம். தேர்வுக்குப் பெரும்பாலும் கேமரா உள்ள லேப்டாப் கேட்பார்கள், சேருமுன் கேளுங்கள். நடுத்தரத் தெளிவில் ஒரு மணி நேர வீடியோவுக்கு அரை ஜிபிக்கு மேல் போகும். தெளிவைக் குறைத்தால் டேட்டா மிஞ்சும், ஆனால் கணக்கு வகுப்பில் எண்கள் மங்கும். வேறு வேறு கம்பெனியின் இரண்டு சிம் இருக்கட்டும்.

மதிப்பெண்ணில் உள்மதிப்பீட்டுக்கு அதிகபட்சம் 30 சதவீதம், செமஸ்டர் தேர்வுக்குக் குறைந்தது 70. கடைசி நாள் இரவில் தளம் திணறும் என்பதால் அசைன்மென்டை மூன்று நாள் முன்னதாக ஏற்றிவிட வேண்டும். ப்ராஜெக்டை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் நகல் சோதனையில் மாட்டும். பாசி வளர்க்கும் மகளிர் குழுவின் வரவு செலவு, ஐஸ் பிளான்ட்டின் தேவை ஏற்ற இறக்கம் என்று இங்கேயே எடுத்தால் யாரும் நகல் என்று சொல்ல முடியாது.

கட்டணத்தில் ஒரு கண்ணி. 'வட்டியில்லாத் தவணை' என்பது பல இடங்களில் நிதி நிறுவனக் கடன், உங்கள் பெயரில். நிறுவனம் முழுத் தொகையையும் அப்போதே கட்டிவிடும். பிள்ளை மூன்றாம் மாதம் படிப்பை நிறுத்தினாலும் வங்கிக் கணக்கிலிருந்து தவணை போய்க்கொண்டே இருக்கும்; பணம் இல்லாமல் திரும்பினால் அபராதம், கடன் தரும்போது வங்கிகள் பார்க்கிற சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக் குடும்பத்துக்கு 61 நாள் வருமானம் இல்லை. ஜூலையில் தடைக்காலக் கடனும் படகு மராமத்தும் சேர்ந்து நிற்கும்போதுதான் புதுக் கட்டணமும் வரும். மாதத் தவணையை விட செமஸ்டருக்கு ஒருமுறை நேரடியாகக் கட்டுவது பாதுகாப்பு. விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள், போனில் சொன்னது நிற்காது.

வேலை என்று பார்த்தால், 'எந்தப் பட்டமும் போதும்' என்கிற வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி எல்லாவற்றுக்கும் எழுதலாம். டிஎன்பிஎஸ்சிக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை கலையக் கூடாது. கீழக்கரை, தொண்டி வீடுகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யுஜிசி சொல்லும் சமநிலை இந்தியாவுக்குள். வளைகுடா நாடுகளில் பட்டத்தைச் சரிபார்க்கும்போது எந்த முறையில் படித்தாய் என்று கேட்பதுண்டு. துபாயோ கத்தாரோ போகிற எண்ணம் இருந்தால் அந்த நாட்டு விதியைச் சேருமுன் பாருங்கள்.

கடைசியில் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதும் கண்காணிப்புத் தேர்வு என்றால் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள், பக்கத்துக் குரல் கேட்டாலும் பார்வை அடிக்கடி விலகினாலும் பதிவாகும். ஒற்றை அறை வீடும் கோயில் கொடை மைக்செட்டும் இதற்கு ஒத்துவராது. செமஸ்டர் ஒன்று டிசம்பர் பக்கம் முடிந்தால் அது மழையும் புயல் எச்சரிக்கையும் உள்ள காலம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தேர்வு நாட்களுக்கு ராமநாதபுரத்தில் உறவினர் வீட்டில் ஒரு தனி அறை கிடைத்தால் நல்லது. மோடத்துக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கலாம். மாதிரித் தேர்வை அதே லேப்டாப்பில், அதே அறையில், அதே நெட்டில் எழுதிப் பார்க்க வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் பதறி லேப்டாப்பை அணைக்க வேண்டாம். திரையில் வரும் பிழைச் செய்தியை நேரம் தெரிய போனில் படம் எடுத்து, இரண்டாவது சிம்மில் மீண்டும் இணைந்து, உதவி எண்ணுக்கு அழைத்து, அன்றே மின்னஞ்சலும் அனுப்பிவிட வேண்டும். மறுதேர்வு கேட்கும்போது அந்தப் படமும் மின்னஞ்சலும்தான் கையில் இருக்கும் ஆதாரம்.