கூட்டிப் பார்க்காதீர்கள், கழித்துப் பாருங்கள்

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்காக 32 பிட் கணினிக்கான சிறிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒன்றை எழுதிவருகிறேன். ஒரு செயலி (பயனர் இயக்கும் நிரல்) நினைவகம் கேட்டால், தொடக்க முகவரியையும் நீளத்தையும் கூட்டி, தொகை 3 ஜிபி எல்லையைத் தாண்டும்போது மறுத்துவிடுகிறேன். அப்படியும் சில வேளைகளில் கெர்னலுக்கு உரிய பகுதி செயலியின் கைக்குப் போய்விடுகிறது. ஏன்?
– பொறியியல் மாணவர் ஒருவர்

பதில்: பிழை அந்தக் கூட்டலிலேயே இருக்கிறது. 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அதை மீறும் தொகை மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். தொடக்க முகவரி 300 கோடி, நீளம் 200 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை 500 கோடி. ஆனால் கணினியிடம் மிஞ்சுவது 70 கோடியே 50 லட்சத்து 32 ஆயிரத்து 704 மட்டுமே. உங்கள் எல்லை ஏறத்தாழ 322 கோடி என்பதால், சோதனை இந்தக் கோரிக்கையை எந்தச் சந்தேகமும் இன்றி அனுமதித்துவிடும்.

இதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. லினக்ஸ் கெர்னலின் 2.4.22 பதிப்பு வரை, செயலியின் நினைவகத்தை நீட்டிக்கும் ‘டூ பி.ஆர்.கே.’ (do_brk) என்னும் செயற்கூற்றில் இந்த எல்லைச் சோதனையே இல்லை. லினக்ஸ் கெர்னல் உருவாக்குநர் ஆண்ட்ரூ மார்ட்டன் 2003 செப்டம்பரில் அதைக் கண்டறிந்தார். ஆனால் திருத்தத்துடன் கூடிய 2.4.23 நவம்பர் இறுதியில்தான் வெளியானது. அதற்குள், திருடிய கடவுச்சொல்லைக் கொண்டு, லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் டெபியன் திட்டத்தின் சேவையகத்தில் சாதாரணப் பயனராக நுழைந்த ஒருவர், இந்த ஓட்டையின் வழியே கணினியின் முழுக் கட்டுப்பாட்டைத் தரும் ரூட் அதிகாரத்தையே பெற்றுவிட்டார். திருத்தம் என்னவோ ஓரிரு வரிதான்: தொகை எல்லையைத் தாண்டினாலும் மறு, தொகை தொடக்க முகவரியைவிடச் சிறியதாக இருந்தாலும் மறு. உங்களிடம் இல்லாதது அந்த இரண்டாவது நிபந்தனை.

ஆயினும் நான் பரிந்துரைப்பது கழித்தல் முறையையே. முதலில் நீளம் எல்லையைவிடப் பெரிதா என்று பாருங்கள். இல்லையெனில், எல்லையிலிருந்து நீளத்தைக் கழித்து, தொடக்க முகவரி அந்த மீதியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இந்த வரிசையில் செய்தால் எந்த இடத்திலும் எண் சுழலாது. (முகவரிகளைக் குறியற்ற, அதாவது எதிர்ம மதிப்பே இல்லாத, எண்களாகவே வைத்திருங்கள். குறியுள்ள எண் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்று சி மொழி வரையறுக்கவில்லை. ஆகவே தொகை சிறுத்துவிட்டதா என்று பார்க்கும் வரியைத் தேவையற்றதெனக் கருதி, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் நீக்கிவிடவும் கூடும்.)

கவனிக்க வேண்டிய இன்னொன்று, நீளத்தை 4,096 பைட் பக்கங்களாக (நினைவகத்தைப் பிரித்துத் தரும் அலகுகளாக) மேல்நோக்கி முழுமையாக்கும் இடம். மிகப் பெரிய நீளம் ஒன்று அங்கே சுழன்று சுழியமாகிவிடலாம்; சுழிய நீளமோ மேற்சொன்ன சோதனையில் சிக்காது. 2004 ஜனவரியில் வெளிவந்த 2.4.24 பதிப்பு, வேறொரு வழியில் உருவான அத்தகைய சுழிய நீளப் பகுதிக்காகவே நினைவகப் பகுதியின் அளவையோ இடத்தையோ மாற்றும் ‘எம்ரீமேப்’ (mremap) அழைப்பைத் திருத்த வேண்டியிருந்தது. எனவே முழுமையாக்கிய பிறகு நீளம் சுழியமா என்று பார்த்து, ஆம் எனில் மறுத்துவிட்டு, அதன் பின்னரே கழித்தல் சோதனைக்குச் செல்லுங்கள்.