டி.எல்.எட். இரண்டு வருடம் படித்தால் வேலை கிடைக்குமா?

உங்கள் தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டு, தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கான இந்த டிப்ளமோவில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஊர் சேலம் அம்மாபேட்டை. இதே படிப்பை, டி.டி.எட். என்று பெயர் இருந்த காலத்தில், 2009-ல் முடித்தவள். அரசு வேலை இன்னும் கிடைக்கவில்லை.

நாங்கள் சேர்ந்தபோது கணக்கு எளிது. படிப்பை முடித்து கோரிமேட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். பதிவு மூப்பு வந்தால் ஆர்டர். அப்பா தறி ஓட்டிய காசில் ஃபீஸ் கட்டியது அதை நம்பித்தான்.

2010 ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. இங்கே முதல் டெட் 2012 ஜூலையில்: 150 கேள்வி, ஒன்றரை மணி நேரம். கடைசிப் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. 2013-ல் 86 எடுத்தேன். பாஸ் மார்க் 90. அழுது ஓய்ந்தபின், 2014 பிப்ரவரியில், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 போதும் என்றார்கள். வீட்டில் கேசரி கிண்டினோம். பிறகு வெயிட்டேஜ் வந்தது, மார்க்குகளை நூற்றுக்குக் கணக்கிட்டு வரிசைப்படுத்தும் முறை. டெட்டுக்கு 60, டிப்ளமோவுக்கு 25, பிளஸ் டூவுக்கு 15. என் காலத்தில் பிளஸ் டூவில் 1,200-க்கு எண்ணூறு எடுத்தாலே பெரிது. எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தார்கள். 2018-ல் அதுவும் போய், டெட் வெறும் தகுதிதான், வேலைக்குத் தனிப் போட்டித் தேர்வு என்றாயிற்று. இடைநிலை ஆசிரியருக்கு, அதாவது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எடுக்கும் எங்களுக்கு, அந்தத் தேர்வு நடந்தது 2024 ஜூலையில்! அதற்குள் எனக்கு இரண்டு பிள்ளைகள். எழுதினேன், வரவில்லை.

சும்மா இருக்கவில்லை. தனியார் பள்ளியில் 3,500 ரூபாய்க்கு நாலு வருடம், இப்போது திண்ணையில் டியூஷன். வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகையைக் கேட்கப் போனேன், பிளஸ் டூ அளவுக்கு மாதம் 400. "ஸ்கூல்ல வேலை பாக்குறியேம்மா, அப்புறம் எப்படி?" என்றார் அங்கிருந்தவர். நியாயம்தான். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், வாரக் கணக்குப்படி, அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் உழைத்தாலே வேலையில் இருப்பவர். ஆக, நான் எந்தப் பட்டியலிலும் வேலையில்லாதவள் இல்லை.

என் தம்பியும் இரண்டு வருடப் படிப்புதான், ஐ.டி.ஐ. ஃபிட்டர். அப்ரண்டிஸ் முடித்தான், லேத் பட்டறைக்குப் போனான், பிறகு நேரடியாக இரண்டாம் வருட டிப்ளமோவில் சேர்ந்தான். ஒரு பட்டறை சரியில்லை என்றால் அடுத்த பட்டறை. என் சான்றிதழுக்கு வகுப்பறையை விட்டால் வேறு இடமில்லை.

வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒன்று முதல் ஐந்து வரை எடுக்க பி.எட். தகுதியாகாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபின், அந்தப் பக்கப் போட்டி குறைந்திருக்கிறது. உங்கள் தங்கைக்குச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கப் பிடிக்குமென்றால் சேரட்டும். ஆனால் முடித்த கையோடு தபாலிலாவது ஒரு டிகிரி போடச் சொல்லுங்கள். ஆர்டர் வந்துவிடும், அப்புறம் படிக்கலாம் என்று நான் தள்ளிப்போட்டதில் ஆறு வருடம் போனது.