மருந்தால் தாடை எலும்பு செத்துப்போனால் லேசர் உதவுமா?

தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் அம்மாவுக்குப் பல்லுப் பிடுங்கின இடம் ஆறவில்லை, லேசர் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எலும்பைக் காக்கப் போடும் சொலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற ஊசிகள் பழைய எலும்பைக் கரைக்கும் கலங்களை அடக்கிவிடும். அதனால் தாடைக் காயம் ஆறாமல் எலும்பு வெளியே தெரியலாம். தாடைக்குக் கதிர்வீச்சு கொடுக்காமலே 8 வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால்தான் மருந்தால் தாடை எலும்பு செத்த நோய் என்பார்கள்.

எர்பியம்-யாக் லேசரின் 2940 நானோமீட்டர் ஒளியை எலும்பிலுள்ள நீர் உறிஞ்சி, சட்டென்று ஆவியாகும். செத்த எலும்பு துகள் துகளாகச் சிதறும். துளைக்கருவியின் அதிர்வு இல்லை. இரத்தம் கசியும் நல்ல எலும்பு தெரியும்வரை செதுக்கி, பல் முரசை இழுத்துத் தைப்பார்கள். சரி, எல்லாருக்கும் இது வேணுமா? ஆரம்பத்தில் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லி மருந்தால் வாய் கொப்பளிப்பதும் தேவைப்பட்டால் அன்டிபயோட்டிக்கும் போதலாம். ஊசி போட்ட திகதிகள் உள்ள கிளினிக் கொப்பியைப் பல் டொக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம்.