அந்தச் சிவப்பு இடம் வெடித்துவிடுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 48. தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தபோது மூளையின் நடுத் தமனியில் 4 மி.மீ. அனியூரிசம் (ரத்தக்குழாய்ச் சுவர் பலூன் போல வீங்குவது) இருப்பது தெரிந்தது. பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஓர் ஆய்வுக்காக என் ஸ்கேனை வைத்து ரத்த ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, கலர் படம் கொடுத்தார்கள். வீக்கத்தின் ஓரத்தில் ஓரிடம் சிவப்பாக இருக்கிறது. அது வெடித்துவிடுமா? தூக்கமே வரவில்லை.

பதில்: அந்தச் சிவப்பு ரத்தக் கசிவும் அல்ல, புண்ணும் அல்ல. ரத்தம் குழாயின் உட்சுவரை உரசிக்கொண்டே ஓடுகிறது. இத்தகைய படங்களில் உரசல் அதிகமான இடத்துக்குச் சிவப்பும் குறைந்த இடத்துக்கு நீலமும் கொடுப்பது வழக்கம். ஆபத்தை அளந்து பூசிய நிறமல்ல அது. உரசல் கூடினால் சுவர் சிதையும் என்கின்றன சில ஆய்வுகள். உரசல் குறைந்து, ரத்தம் மெதுவாகச் சுழலும் இடத்தில்தான் சுவர் அழற்சியால் நலிகிறது என்கின்றன வேறு சில. அப்படிப் பார்த்தால் நீலத்துக்கும் பயப்பட வேண்டியிருக்கும்!

அப்புறம், ஸ்கேனில் தெரிவது ரத்தம் ஓடும் உள்வடிவம்தான். சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்பது சாதாரணமாகத் தெரியாது. அதனால் பெரும்பாலும் அசையாத கெட்டிச் சுவர் என்று வைத்தே கணக்குப் போடுகிறார்கள். ரத்தத்தின் வேகத்தையும் பல நேரங்களில் உங்களிடம் அளப்பதில்லை, பொதுவான அளவைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வீக்கம் குழாயிலிருந்து கிளம்பும் கழுத்துப் பகுதியைக் கால் மில்லிமீட்டர் கூட்டிக் குறித்தாலும் நிறங்கள் இடம் மாறலாம். இந்த ஆராய்ச்சியை நான் மதிக்கிறேன். ஸ்டென்ட் வைத்தால் ஓட்டம் எப்படி மாறும் என்று பார்க்க நன்றாக உதவுகிறது. ஆனால் ஆபரேஷன் வேண்டுமா என்பதை இதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டோம்.

அளவு, இடம், வடிவம், பி.பி., புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பதையெல்லாம் பார்ப்போம். 2012இல் வெளியான ஜப்பானின் பெரிய ஆய்வில், 3-4 மி.மீ. வீக்கங்கள் ஆண்டுக்கு 0.36 சதவீதம்தான் வெடித்தன. அதாவது ஆயிரத்தில் மூன்று, நான்கு. அந்நாட்டினருக்கு வெடிக்கும் வாய்ப்பு பொதுவாகவே சற்று அதிகம். வீக்கத்தின் மேல் இன்னொரு சிறு மொட்டு இருக்கிறதா என்று மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். இருந்தால் கணக்கு மாறும்.

பி.பி. மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள். புகை கூடவே கூடாது. டாக்டர் சொல்லும் இடைவெளியில் எம்.ஆர். ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ.) எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வளர்கிறதா என்பதுதான் முக்கியம்.

வாழ்நாளில் வராத தலைவலி ஒரு நொடியில் இடி போல வந்தாலோ, இமை திடீரென்று தொங்கினாலோ, மாத்திரை போட்டுப் படுக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.