நெய்பர் இருக்கிறது, ரூட் மட்டும் இல்லை: ஓஎஸ்பிஎஃப் கேள்வி-பதில்

ரூட் காணவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்தப் படியில் தொலைந்தது என்பது. ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைப் பரிமாறிக்கொள்ளும் புரோட்டோகாலான ஓஎஸ்பிஎஃப்-இல் ஒரு ரூட் ரூட்டிங் டேபிளுக்கு வர நான்கு படிகளைக் கடக்க வேண்டும். நெய்பர், அதாவது பக்கத்து ரவுட்டர், டேட்டாபேஸைப் பரிமாறி முடித்த ஃபுல் நிலைக்கு வர வேண்டும். ரவுட்டர் தன் இணைப்புகளை எழுதி அனுப்பும் அறிவிப்பான எல்எஸ்ஏ டேட்டாபேஸில் சேர வேண்டும். குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் எஸ்பிஎஃப் கணக்கில் தேற வேண்டும். கடைசியாக, அதே முகவரிக்கு வேறு புரோட்டோகாலின் ரூட் முந்திக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

வந்த கேள்விகள் பலவற்றில் “‘கிளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் பிராசஸ்’ கொடுத்தும் பயனில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஓஎஸ்பிஎஃப்-ஐ முதலிலிருந்து தொடங்க வைக்கும் கட்டளை. தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். எல்எஸ்ஏ-வின் வயது, சீக்வென்ஸ் எண், நெய்பர் எந்த நிலையில் நின்றது என்ற தடயங்கள் எல்லாம் அந்த ஒரு கட்டளையில் போய்விடும். கீழே தரும் கட்டளைகள் சிஸ்கோ ஐஓஎஸ்-க்கானவை. வேறு என்றால் அங்கேயே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: புதிதாக எடுத்த லிங்க்கில் பிங் போகிறது, ஹலோவும் வருகிறது. ஆனால் நெய்பர், டேட்டாபேஸ் பரிமாற்றம் தொடங்கும் எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நிற்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை டவுன் ஆகி மறுபடி வருகிறது.

எம்டியு, அதாவது லிங்க்கில் ஒரு பாக்கெட் இருக்கக்கூடிய அதிகபட்ச அளவு, பொருந்தவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். நெய்பரைக் கண்டுகொள்ள அனுப்பும் ஹலோ பாக்கெட் மிகச் சிறியது, எந்த லிங்க்கிலும் போய்விடும். அடுத்து வரும் டேட்டாபேஸ் விவரப் பாக்கெட்டில் அனுப்புபவர் தன் இன்டர்ஃபேஸ் எம்டியுவையும் எழுதி அனுப்புகிறார். அது தன்னுடையதைவிடப் பெரிதாக இருந்தால் பெறும் ரவுட்டர் அந்தப் பாக்கெட்டை ஒதுக்கிவிடும். மறுமுனை 5 விநாடிக்கு ஒருமுறை திரும்ப அனுப்பும். 25 முறை ஆனதும் ‘டூ மெனி ரீட்ரான்ஸ்மிஷன்ஸ்’ என்று லாக்கில் எழுதிவிட்டு நெய்பரைக் கீழே தள்ளும். நீங்கள் பார்க்கும் ஏற்ற இறக்கம் அதுதான்.

இரு முனையிலும் ‘ஷோ ஐபி இன்டர்ஃபேஸ்’ கொடுத்து எம்டியு வரியை ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் ஜம்போ ஃப்ரேம் போட்ட லேயர்-3 ஸ்விட்ச் இருந்தால் 9000-க்கும் 1500-க்கும் இடையில் முட்டும். ஒரு பக்கம் ஐஓஎஸ் எக்ஸ்ஆர் அல்லது ஜூனோஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவற்றின் இன்டர்ஃபேஸ் எம்டியு கணக்கில் 14 பைட் ஈதர்நெட் ஹெடரும் சேரும். அங்கே 1514 என்று இருப்பதும் ஐஓஎஸ்-இல் 1500 என்று இருப்பதும் ஒன்றே. அங்கே 1500 என்று வைத்தால் 14 பைட் குறைந்துவிடும்.

இரு முனையிலும் எண் சரி என்றால், நடுவிலுள்ள லைன் பெரிய பாக்கெட்டை விழுங்குகிறதா என்று பாருங்கள். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்று சொல்லும் டிஎஃப் பிட்டோடு 1500 அளவில் பிங் கொடுங்கள். ஐஓஎஸ்-இல் அந்த அளவில் ஐபி ஹெடரும் அடக்கம். லினக்ஸில் 1472 கொடுத்தால்தான் மொத்தம் 1500 ஆகும். பிங் விழுந்தால் சர்வீஸ் புரொவைடரிடம் பேச வேண்டிய விஷயம் அது.

‘ஐபி ஓஎஸ்பிஎஃப் எம்டியு-இக்னோர்’ போட்டால் போதும் என்று பலரும் சொல்வார்கள். அது சரிபார்ப்பை நிறுத்துகிறதே தவிர, லைனை அகலமாக்குவதில்லை. இன்று ஃபுல் ஆகும். டேட்டாபேஸ் வளர்ந்து அப்டேட் பாக்கெட் பெரிதாகும் நாளில் லோடிங் நிலையில் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: டிஆர், பிடிஆர் இரண்டோடும் ஃபுல். மூன்றாவது ரவுட்டரோடு டூ-வே மட்டுமே காட்டுகிறது. அதனால்தான் ரூட் குறைகிறதா?

இல்லை. ஒரே லேன்-இல் எல்லாருக்குமான பரிமாற்றத்தை நடத்தும் ரவுட்டர் டிஆர், அதற்கு மாற்று பிடிஆர். இரண்டும் அல்லாத இருவர், ஹலோ மட்டும் பரிமாறிய டூ-வே நிலையில் நிற்பதுதான் முறை. எல்லாருமே டூ-வே என்றால் மட்டும் கவலைப்படுங்கள். எல்லா ரவுட்டரிலும் பிரையாரிட்டி 0 வைத்து, டிஆர் ஆக ஆளே இல்லாமல் செய்திருப்பீர்கள்.

கேள்வி: நெய்பர் ஃபுல். மறுமுனையின் எல்எஸ்ஏ எங்கள் டேட்டாபேஸில் இருக்கிறது. ஆனால் ரூட்டிங் டேபிளில் அந்தப் பக்கத்து ரூட் ஒன்றுகூட இல்லை. ஏரியா (ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கைப் பிரித்த பகுதி), டைமர், பாஸ்வேர்ட் எல்லாம் சரி.

இரு முனையிலும் ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்’ கொடுத்து நிலை என்ற பத்தியைப் பாருங்கள். ஒரு பக்கம் ஃபுல் என்பதற்குப் பின் வெறும் கோடும், மறுபக்கம் ஃபுல்/டிஆர் அல்லது ஃபுல்/பிடிஆர் என்றும் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. நெட்வொர்க் டைப் மாறியிருக்கிறது. ஒருவர் பிராட்காஸ்ட், மற்றவர் பாயின்ட்-டு-பாயின்ட்.

இந்தப் பிழை கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. இரண்டு டைப்புக்கும் ஹலோ 10 விநாடி, டெட் 40 விநாடிதான். நெய்பர் ஆவதற்கு நெட்வொர்க் டைப்பை யாரும் சரிபார்ப்பதில்லை. அதனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஃபுல் ஆகி, டேட்டாபேஸும் பரிமாறிக்கொள்வார்கள். சிக்கல் எஸ்பிஎஃப் கணக்கில் வருகிறது. பாயின்ட்-டு-பாயின்ட் முனை “நான் அந்த ரவுட்டரோடு நேராக இணைந்திருக்கிறேன்” என்று எழுதும். பிராட்காஸ்ட் முனையோ “நான் ஒரு லேன்-ஓடு இணைந்திருக்கிறேன்” என்று எழுதும். ஒரு இணைப்பை ஏற்க வேண்டுமானால் எதிர்முனையும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது 1998-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2328-இன் விதி. இங்கே இருவர் சொல்வதும் பொருந்தாததால் கணக்கு அந்த லிங்க்கை விட்டுவிடுகிறது. ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் ரவுட்டர்’ வெளியீட்டில் அந்த எல்எஸ்ஏ-வின் மேலேயே ‘அட்வ் ரவுட்டர் இஸ் நாட்-ரீச்சபிள்’ என்று எழுதியிருக்கும். அந்த வரியைத் தேடும் பழக்கம் வந்தால் பாதி நேரம் மிச்சம்.

/30 அல்லது /31 போட்ட இரு-ரவுட்டர் ஈதர்நெட் லிங்க் என்றால் இரண்டையுமே ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க் பாயின்ட்-டு-பாயின்ட்’ ஆக்குங்கள். டிஆர் தேர்வுக்காகக் காத்திருக்கும் 40 விநாடியும் மிச்சமாகும். டைப்பை மாற்றும்போது நெய்பர் ஒருமுறை விழுந்து எழும். தொலைவிலுள்ள ரவுட்டரில் மாற்றுவதானால், கான்ஃபிக்கைச் சேமிக்காமல், முதலில் ‘ரீலோட் இன் 10’ கொடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியானபின் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்துவிட்டுச் சேமியுங்கள்.

கேள்வி: கையால் எழுதிய ஸ்டாட்டிக் ரூட்டுகளை ஓஎஸ்பிஎஃப்-க்குள் ரீடிஸ்ட்ரிபியூட் செய்தோம். 192.168.50.0/24 போகிறது, 10.20.30.0/24 போகவில்லை.

பழைய ஐஓஎஸ். ‘ரீடிஸ்ட்ரிபியூட் ஸ்டாட்டிக்’ வரியின் இறுதியில் ‘சப்நெட்ஸ்’ இல்லை. அது இல்லாவிட்டால் பழைய கிளாஸ் எல்லைப்படி உள்ளவை மட்டுமே போகும். 192.168.50.0/24 ஒரு முழு கிளாஸ் சி, 10.20.30.0/24 கிளாஸ் ஏ-வின் ஒரு துண்டு. அந்தச் சொல்லைச் சேருங்கள்.

கேள்வி: எட்ஜ் ரவுட்டரில் ‘டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்’ இருக்கிறது, உள்ளே யாருக்கும் டிஃபால்ட் ரூட் வரவில்லை.

அந்த எட்ஜ் ரவுட்டரின் டேபிளிலேயே டிஃபால்ட் ரூட்டான 0.0.0.0/0 இருக்கிறதா? இல்லையென்றால் அது எதையும் அறிவிக்காது. ‘ஆல்வேஸ்’ சேர்த்தால் அறிவிக்கும். ஆனால் இன்டர்நெட் லைன் போன பிறகும் “என்னிடம் வாருங்கள்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டு எட்ஜ் ரவுட்டர் இருக்கும் இடத்தில் ‘ஆல்வேஸ்’ வேண்டாம். உள்ளே இருப்பது என்எஸ்எஸ்ஏ ஏரியா (பிற ஏரியாக்களின் எக்ஸ்டர்னல் ரூட்டை வாங்காத, ஆனால் தன்னுடையதை அறிவிக்கக்கூடிய ஸ்டப் வகை) என்றால் காரணம் வேறு. ஸ்டப் ஏரியாவுக்கு, ஏரியாக்களை இணைக்கும் எல்லை ரவுட்டரான ஏபிஆர் தானாகவே டிஃபால்ட் தரும். சாதாரண என்எஸ்எஸ்ஏ-வுக்குத் தராது, ஏபிஆர்-இல் தனியாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: ஏரியா 10 என்எஸ்எஸ்ஏ. அதிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் ரூட் (ஓஎஸ்பிஎஃப்-க்கு வெளியிலிருந்து வந்தது) கோர் ரவுட்டரின் டேட்டாபேஸில் டைப்-5 எல்எஸ்ஏ-வாக இருக்கிறது. டேபிளில் இல்லை. ஏபிஆர்-இல் மட்டும் இருக்கிறது.

கோர் ரவுட்டரில் ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் எக்ஸ்டர்னல்’ என்பதோடு அந்த முகவரியையும் கொடுங்கள். அதில் ‘ஃபார்வர்ட் அட்ரஸ்’ என்ற வரி 0.0.0.0 ஆக இருக்காது, ஏரியா 10-க்குள்ளிருக்கும் ஒரு முகவரியாக இருக்கும். என்எஸ்எஸ்ஏ-வுக்குள் மட்டும் சுற்றும் டைப்-7 எல்எஸ்ஏ-வை டைப்-5 ஆக மாற்றும்போது ஏபிஆர் அந்த முகவரியை அப்படியே எடுத்துச் செல்கிறது. கோர் ரவுட்டர் அந்த எக்ஸ்டர்னல் ரூட்டை ஏற்க, அந்த ஃபார்வர்ட் முகவரிக்கு ஓஎஸ்பிஎஃப்-இன் உள் ரூட் இருக்க வேண்டும், அதாவது டேபிளில் ‘ஓ’ (அதே ஏரியாவின் ரூட்) அல்லது ‘ஓ ஐஏ’ (வேறு ஏரியாவின் ரூட்). ஸ்டாட்டிக்கோ இன்னொரு எக்ஸ்டர்னலோ இருந்தால் செல்லாது.

அனேகமாக ஏபிஆர்-இல் யாரோ ஏரியா 10-இன் உள் முகவரிகள் வெளியே போக வேண்டாம் என்று ‘ஏரியா ரேஞ்ச்’ வரியில் ‘நாட்-அட்வர்டைஸ்’ போட்டிருப்பார்கள், அல்லது ஃபில்டர்-லிஸ்ட் வைத்திருப்பார்கள். அந்த முகவரியும் அதில் மறைந்துவிட்டது. அதை விடுவிப்பதே நேர்வழி. சுருக்கிய ரேஞ்ச்சாக அறிவித்தாலும் போதும். முடியாதென்றால் ஏபிஆர்-இல் ‘ஏரியா 10 என்எஸ்எஸ்ஏ டிரான்ஸ்லேட் டைப்7 சப்ரெஸ்-எஃப்ஏ’ கொடுங்கள். ஏபிஆர் இரண்டு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். மாற்றும் வேலையைச் செய்வது ரவுட்டர் ஐடி பெரிதாக உள்ளவர். அவர் விழுந்தால் மற்றவர் எடுத்துக்கொள்வார், அப்போது பழைய சிக்கல் திரும்பும்.

கேள்வி: ஒரு ரூட் வேண்டாமென்று ‘டிஸ்ட்ரிபியூட்-லிஸ்ட் இன்’ போட்டோம். இந்த ரவுட்டரில் போய்விட்டது. அடுத்த ரவுட்டரில் இன்னும் இருக்கிறது.

அது டேபிளுக்குள் நுழைவதை மட்டுமே தடுக்கும், எல்எஸ்ஏ-வைத் தடுக்காது. இதில் ஆபத்தும் உண்டு. அடுத்த ரவுட்டர் உங்கள் வழியாகவே பாக்கெட்டை அனுப்பும், உங்களிடம் ரூட் இல்லாததால் அது இங்கே மடியும். ஏரியாக்களுக்கு இடையிலான ரூட் என்றால் ஏபிஆர்-இல் ஃபில்டர்-லிஸ்ட், எக்ஸ்டர்னல் என்றால் அதை ஓஎஸ்பிஎஃப்-க்குள் கொண்டுவரும் ஏஎஸ்பிஆர்-இல் தடுங்கள். ஒரே ஏரியாவுக்குள் எல்லாரிடமும் ஒரே டேட்டாபேஸ் இருந்தே தீர வேண்டும், அங்கே ஃபில்டர் செய்ய நினைக்காதீர்கள்.

கேள்வி: ஒரு கிளையின் ரூட்டுகள் சில விநாடி இருக்கின்றன, மறைகின்றன, மறுபடி வருகின்றன. லிங்க் எதுவும் விழவில்லை.

அந்தக் கிளை ரவுட்டரின் எல்எஸ்ஏ-வை நிமிடத்துக்கு இரண்டு முறை பாருங்கள். அமைதியான நெட்வொர்க்கில் 1800 விநாடிக்கு ஒருமுறைதான் அது புதுப்பிக்கப்படும். வயது எப்போதும் சில விநாடியாகவே இருந்து சீக்வென்ஸ் எண் ஓடிக்கொண்டே போனால், ஒரே ரவுட்டர் ஐடி இரண்டு பெட்டியில் இருக்கிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் “இது நான் எழுதியதல்ல” என்று திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். பழைய கிளையின் கான்ஃபிக்கைப் புதிய கிளைக்கு நகலெடுக்கும்போது, ரவுட்டர் ஐடியாக எடுத்துக்கொள்ளப்படும் லூப்பேக் முகவரியும் கூடவே வந்துவிடுவதால் நேர்வது இது.

இரண்டில் ஒன்றில் ‘ரவுட்டர்-ஐடி’ வரியைக் கையால் எழுதுங்கள், லூப்பேக் முகவரியையும் மாற்றுங்கள். புதிய ஐடி அமலுக்கு வர ‘கிளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் பிராசஸ்’ தேவை. அந்தக் கட்டளைக்கு நியாயமான இடம் இது.

கேள்வி: லினக்ஸில் எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள். பிஜிபி செஷன் எஸ்டாப்ளிஷ்டு, ஆனால் ஒரு பிரிஃபிக்ஸ்கூட (முகவரித் தொகுதி) வரவில்லை, போகவும் இல்லை.

பிஜிபி என்பது வெவ்வேறு நிறுவனங்களின் நெட்வொர்க்குகளுக்கு இடையில் ரூட் பரிமாறும் புரோட்டோகால். ஓஎஸ்பிஎஃப் இல்லையென்றாலும் பலர் கேட்டிருப்பதால் சேர்த்தோம். ‘ஷோ பிஜிபி சம்மரி’ கொடுங்கள். பிரிஃபிக்ஸ் எண்ணிக்கை வரும் இடத்தில் ‘பாலிசி’ என்று இருக்கும். 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8212-இன்படி, ஃபில்டர் எதுவும் வைக்காத இபிஜிபி நெய்பரிடம் (வேறு நெட்வொர்க்கைச் சேர்ந்த பிஜிபி நெய்பர்) ரூட் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. உள்ளே வருவதற்கு ஒரு ரூட்-மேப், வெளியே போவதற்கு ஒன்று எழுதி நெய்பரில் கட்டுங்கள். இரண்டிலும் ஒரு ‘பெர்மிட்’ வரியாவது இருக்க வேண்டும், எதிலும் பொருந்தாத ரூட் தானாகவே மறுக்கப்படும். வெளியே போகும் மேப்பில் உங்களுடைய பிரிஃபிக்ஸ்களை மட்டும் பிரிஃபிக்ஸ்-லிஸ்டில் வையுங்கள். ‘நோ பிஜிபி இபிஜிபி-ரிக்வயர்ஸ்-பாலிசி’ என்று சரிபார்ப்பையே அணைக்கும் வழியும் இருக்கிறது. லேபில் செய்யுங்கள். வெளி லைனில் வேண்டாம், ஒரு புரொவைடரிடம் வாங்கிய ரூட்டை இன்னொருவருக்கு வாரிக் கொடுத்துவிடுவீர்கள்.